கிளப்புக்காரிக்குப் பொன்னாடை

எங்கள் மன்றத்தில் பெண் உறுப்பினர் நான் ஒருத்திதான். அதனால் விழாவுக்கு விழா எனக்கான வேலை தயாராக இருக்கும். குத்துவிளக்குக்குத் திரி போட வேண்டும், சந்தனம் கரைக்க வேண்டும், பொன்னாடைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மேடை ஓரமாக நிற்க வேண்டும். வேலை செய்த காலமெல்லாம் ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். யட்டியாந்தோட்டை பஜாரில் கடை வைத்திருக்கிற பாதிப் பேருக்கு விரல் பிடித்து அ, ஆ எழுதக் காட்டியவள். இருந்தும் மன்றத்தில் நான் தட்டுத் தூக்குகிறவள்தான். இதைச் சொன்னால் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்கிறார்கள். கோபம்தான். இந்த வருஷ விழாவுக்குப் பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது, ஒன்றுக்கும் உதவாத கோபமாக.

வருஷா வருஷம் நவராத்திரி முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் விழா நடக்கும். வாழ்நாள் சாதனையாளர் என்று ஆண் கலைஞர் ஒருவருக்கும் பெண் கலைஞர் ஒருவருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். நாதஸ்வரம் வாசித்தவர், காமன் கூத்து ஆடியவர், கும்மி சொல்லிக் கொடுத்தவர் என்று வரிசையாகக் கொடுத்து வந்தோம். யாருக்கு என்பதில் சண்டை வரும். ஆனால் அது பழகிய சண்டை. வடையும் பால் விடாத பிளேன்டியும் தீர்வதற்குள் முடிந்துவிடும்.

இந்த வருஷம் அப்படி முடியவில்லை. கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பையன் கேமராவோடு வந்ததுதான் காரணம். தோட்டத் துரைமார் கிளப்புகளில் அந்தக் காலத்தில் ஜாஸ் வாசித்த பேண்டுகளைப் பற்றி அவன் ஆராய்ச்சி செய்கிறானாம். எங்கள் பக்கத்துக் கிளப்பில் தோட்டத்து ஆட்களே சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, விசாரித்து விசாரித்து மேட்டு லயத்து வரிசை வீட்டில் இருக்கிற சாக்ஸபோன் அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டான். வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பேசுகிற வீடியோ பேஸ்புக்கில் வந்தது. கொழும்பில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பார்த்தார்களாம். மன்றத்தின் செயலாளர், என்னிடம் படித்து இப்போது தானும் ஆசிரியராக இருப்பவர், அதைப் பார்த்துவிட்டு நிலைகொள்ளாமல் போனார். இந்த வருஷ விருது ஜாஸ் கலைஞர்களுக்குத்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

கூட்டம் தலைவரின் புடவைக் கடை மாடியில் நடந்தது. தலைவர் கடை முதலாளி. பொன்னாடை அவர் கடையிலிருந்து வருவதால் தலைவர் பதவியும் அவரோடேயே இருக்கிறது. நாலாவது ஆள் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. அவர் வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடுகிற தோரணையில்தான் பேசுவார்.

ஜாஸ் என்றால் என்ன என்று கணக்கப்பிள்ளை கேட்டார். துரைமார் குடிக்கிறதுக்கு வாசித்ததெல்லாம் கலையா என்றும் கேட்டார். செயலாளர் போனில் ஒரு வாசிப்பைப் போட்டுக் காட்டினார். பல் பிடுங்கப் போனவர்கள் வராந்தாவில் காத்திருப்பதுபோல எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். அது ஓய்வதும் பிறகு எழும்புவதுமாக இருந்தது. ஓய்ந்த இடத்தில் தலைவர் கையைத் தட்டினார். மறுபடி தொடங்கியதும் தலைவர் பாவம் போலக் கேட்டார்.

"இது எப்ப தம்பி முடியும்?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆண்களில் யாருக்கு என்று விவாதம் நடந்தது. பேண்டில் டிரம்பட் ஊதியவர் செத்துப் போய்விட்டார். கிட்டார் வாசித்தவர் அந்தக் காலத்திலேயே குடும்பத்தோடு கப்பல் ஏறி இந்தியா போய்விட்டார். பியானோ வாசித்த பறங்கிக்காரர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர். ஒருவர் சாக்ஸபோன் அண்ணன். இன்னொருவர் டிரம்ஸ் அடித்தவர், இப்போது கஹவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்குத் தெரிந்து அந்தப் பேண்டைத் தாங்கிப் பிடித்தவர் டிரம்ஸ்காரர்தான். ஆனால் அவர் தோட்டத்தில் தப்பும் அடித்தவர், சாவு வீட்டுக்கும் போனவர். கஹவத்தையிலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருவது வயசான மனிதருக்குக் கஷ்டம் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். காதும் கேட்காதாமே என்று தலைவர் சொன்னார். சாதியை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். சாக்ஸபோன் அண்ணன் என்று முடிவாயிற்று.

பெண் கலைஞர் யார் என்று வந்தபோது, ஜாஸில் ஏது பெண், வழக்கம்போல யாராவது கும்மிக்காரியைப் பார்ப்போம் என்றார் செயலாளர். நான் அதற்காகத்தான் அத்தனை நேரம் வாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பேண்ட்ல பாடின பொம்பள இருக்காங்க. எங்க அக்கா."

கணக்கப்பிள்ளை வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் இருந்தார்.

எங்கள் அப்பா கிளப்பில் சமையல்காரர், அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கிளப் குசினிக்குப் பின்னால் இருந்த இரண்டு காம்பரா அறைகளில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். அம்மா நான் பிறந்ததோடு போய்விட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். சனிக்கிழமை சாயந்தரங்களில் அப்பா கட்லட் பொரிப்பார், அக்கா கிளாஸ் துடைப்பாள், நான் பாத்திரக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவு இடுக்கால் பேண்டைப் பார்ப்பேன். பாடுவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு பறங்கிப் பெண், நோனா என்போம், காரில் வருவாள். அக்கா அவள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, கிளாஸ் துடைத்தபடியே மெல்லப் பாடுவாள். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே பாடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் களனி கங்கை பெருகி ரோட்டை மூடிவிட்டது. நோனாவின் கார் ருவான்வெல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பியானோ வாசித்த பறங்கி மாத்தையா குசினிக்கு வந்து, அப்புவின் மகளைக் கூப்பிடு என்றார். அவர் அவள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறார். துரைசாணியின் பழைய கவுன் ஒன்றை இடுப்பில் ஊசி குத்திச் சுருக்கி அக்காவுக்குப் போட்டார்கள். நான் கதவு இடுக்கால் பார்த்தேன். கிளாஸ் துடைக்கிற அக்கா இல்லை அது. ரயிலைத் தவற விட்டுவிட்டு ஒருத்தி மழையில் ஸ்டேஷனில் நிற்கிற பாட்டு அது என்று பியானோ மாத்தையா பிறகு சொல்லித்தான் அவளுக்கே தெரியும். ஆனால் அது தெரியாமலே அவள் பாடியதில் அந்த மழை இருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நோனா வரவில்லை. அக்காதான் பாடினாள். அந்தப் பாட்டைச் சாக்ஸபோன் அண்ணன் தொடங்குவார். ஒரு முறை முழுதாக வாசித்துவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்துவார். பேண்டும் நிற்கும். துரைமாரும் கிளாசைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருப்பார்கள். அது முடிவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு அக்கா பாடுவாள். ஒரு நாள் எனக்கு அதை விளக்கிச் சொன்னாள், சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே.

"அண்ணே எனக்கு எடம் விடுவாரு. விட்ட ஒடனே பூந்துறக் கூடாது தங்கச்சி. கொஞ்சம் காக்க வச்சிட்டுத்தான் பூரணும்."

தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரைமார் போய், பேண்ட் கலைகிறவரைக்கும் பாடினாள். கொஞ்சக் காலம்தான். ஆனால் லயங்களில் அவளுக்கு ஒரு பெயர் விழ அந்தக் கொஞ்சக் காலம் போதுமாக இருந்தது. கிளப்புக்காரி. கிளப்பில் கவுன் போட்டுக்கொண்டு துரைமாருக்கு முன்னால் நிற்கிறவள் வேறு என்ன செய்வாள் என்று அவர்களே கேட்டு அவர்களே பதில் சொல்லிக்கொண்டார்கள். சாக்ஸபோன் அண்ணனின் மனைவி ஒரு நாள் இடுப்பில் பிள்ளையோடு குசினி வாசலுக்கு வந்து, அப்பா இருக்கும்போதே அக்காவைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டாள். அவர்களுக்குள் ஏதாவது இருந்ததா என்று இன்றுவரைக்கும் நான் அக்காவிடம் கேட்டதில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை, ஊருக்கும் இல்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் பஜாரில் இறங்கி விசாரித்துவிட்டு அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். அக்கா கல்யாணம் கட்டவில்லை. ரப்பர் ஸ்டோரில் ஷீட் தரம் பிரிக்கப் போனாள். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அழுக்குப் பார்க்கிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்து டீச்சரானேன். என் கணவர் போன பிறகு அவள் என்னோடு வந்து இருக்கிறாள். இப்போதும் பைப்படியில் வாய்த் தகராறு என்று வந்தால், எதிரில் நிற்கிறவள் பேரப்பிள்ளை எடுத்தவளாக இருந்தாலும், கிளப்புக்காரி என்ற சொல் வந்து விழும். விழுந்தால் நான் இறங்கிப் போய் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வருவேன். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள்.

அந்தச் சிங்களப் பையனின் வீடியோவை அக்கா என் போனில்தான் பார்த்தாள். சாக்ஸபோன் அண்ணன் அதில் டிரம்பட்காரரைப் பற்றிச் சொன்னார், டிரம்ஸ்காரரைப் பற்றிச் சொன்னார், துரைமார் ஊற்றிக் கொடுத்த விஸ்கியைப் பற்றிச் சொன்னார். முடிந்த பிறகும் அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். பையன் கேட்டிருக்க மாட்டான் என்று நான் சமாளித்தேன். அப்போதுதான், இத்தனை காலத்தில் முதல் தடவையாக, தனக்கென்று ஒன்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தங்கச்சி. நா பாடினேன், பாட்டுத்தான் பாடினேன்னு யாராச்சும் ஒரு தடவ மைக்குல சொன்னாப் போதும்."

இதைத்தான் நான் அந்த மாடியில், இவ்வளவு விளக்கமாக இல்லாமல், சொன்னேன். செயலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஜாஸ் பாடினாள் என்றால் கொழும்பே திரும்பிப் பார்க்கும் என்றார். தலைவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை, டீச்சர் தப்பாக நினைக்கக் கூடாது என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் தப்பாக நினைக்க வேண்டியதைத்தான் சொல்வார்கள். மேடை கோயில் மண்டபத்தில் இருக்கிறது, நவராத்திரி விழா, நாலு குடும்பப் பெண்கள் வருவார்கள். அதோடு, பாடினாள் என்பதற்கு யார் சாட்சி? சும்மா கிளப்புக்குப் போய் வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்த முடியுமா?

போய் வந்தவர்கள் என்ற சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாட்சி மேட்டு லயத்தில் உயிரோடு இருக்கிறது, வாங்க போவோம் என்று எழுந்துவிட்டேன்.

நாலு பேரும் ஒரு த்ரீவீலில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். சாக்ஸபோன் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். விருது அவருக்கு என்று தலைவர் சொன்னதும் முகம் மலர்ந்தது. மனைவி உள்ளே போய் பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். இப்படியா வந்து கேட்பது, அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டாமா என்று தோன்றியது. ஆனால் கணக்கப்பிள்ளை அதற்குள் கேட்டுவிட்டார். பேண்டில் டீச்சருடைய அக்கா பாடினதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று.

அண்ணன் மனைவியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கிளாசில் இருந்த சாயத்தண்ணியைப் பார்த்தார்.

"நம்ம பொம்பளைங்க யாரும் பாடலிங்க. கொழும்புல இருந்து ஒரு நோனா வரும். அதுதான் பாடும்."

இருமிக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, அந்த ஒரு காம்பராவில் அந்த மனைவியின் கையால் கஞ்சி குடித்துக் கிடக்கிற மனிதர் அவர். அவருக்கும் கடைசிக் காலத்தில் ஒரு பொன்னாடை வேண்டியிருக்கிறது, வீட்டில் நிம்மதி வேண்டியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் அவரை மன்னிக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

டிரம்ஸ்காரரைக் கேட்கலாம் என்றால், அவர் சாட்சி இவர்களிடம் எடுபடாது என்று எனக்குத் தெரியும். திரும்பி வருகிற வழியில் செயலாளர்தான் அந்த யோசனையைச் சொன்னார். என் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். அக்கா வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனையில் உட்கார்ந்து பாடுவாள். எல்லோரும் பாடுகிறதுதான், கும்பலோடு கும்பலாக. மூத்த பஜனைப் பாடகி என்று போட்டால் யாருக்கும் ஆட்சேபனை இருக்காதே என்றார். கணக்கப்பிள்ளை, அது பொருத்தம் என்றார். ஜாஸ் பாட்டுக்காரிக்குச் சாட்சி கேட்ட மனிதர் பஜனைப் பாட்டுக்காரிக்குச் சாட்சி கேட்கவில்லை. தலைவர் பொன்னாடைக்கு அரக்கு நிறம் எடுக்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அது அக்காவுடைய விஷயம். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் சொன்னதையும் சேர்த்து. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்டதும் கை நின்றது. பிறகு மறுபடி களைந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மைக் குடுப்பாங்களா?"

பொன்னாடை போர்த்தியதும் ஒரு தேவாரமாவது பாடச் சொல்வார்கள், வழக்கம் அதுதான் என்றேன். அப்படியென்றால் வருகிறேன் என்றாள். என்னவாகப் போட்டாலும் போடட்டும், மைக் கைக்கு வந்தால் எதைப் பாடுவது என்று தனக்குத் தெரியும் என்றாள். அன்றிலிருந்து குசினியில் அந்தப் பாட்டு மெல்லக் கேட்கத் தொடங்கியது. குரல் தேய்ந்துதான் போயிருந்தது. மேலே போகிற இடங்களில் காற்று மட்டும் வந்தது. ஆனால் அர்த்தம் தெரியாத அந்த இங்கிலீஷ் சொற்கள் ஒன்றுகூட விடுபடவில்லை. நான் பக்கத்து அறையில் துணி மடிக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. பிரதம விருந்தினர் பிரதேச சபையில் இருக்கிற ஒரு சிங்கள மாத்தையா, நல்ல மனிதர். முன் வரிசையில் சாக்ஸபோன் அண்ணனின் மனைவி பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். நான் தட்டோடு மேடை ஓரத்தில் நின்றேன். அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உலக இசையில் நம் மண்ணின் மைந்தன் என்று செயலாளர் மைக்கில் நீளமாகப் பேசினார். பிறகு அக்காவின் முறை. வாழ்நாள் முழுவதும் இறைவனைப் பாடிய அம்மையார் என்றார். அக்கா எழுந்து கும்பிட்டாள். பொன்னாடை அவள் தோளில் நிற்காமல் வழுக்கியது.

செயலாளர் மைக்கை அவள் கையில் கொடுத்து ஒரு தேவாரம் பாடச் சொன்னார். அவள் அண்ணனைக் காட்டி, அவர் முதலில் வாசிக்கட்டும், நான் பின்னால் பாடுகிறேன் என்றாள். செயலாளருக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது. அம்மா தன் இடத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று உரக்க அறிவித்தார். கூட்டம் கை தட்டியது.

அண்ணன் கையோடு கொண்டுவந்திருந்த வாத்தியத்தை வாயில் வைத்தார். எதை வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. மூச்சு இரண்டு தடவை பிசகியது. பிறகு வந்தது. அந்தப் பாட்டுத்தான். ரயிலைத் தவற விட்டவளின் பாட்டு. அக்காவுக்காக வாசித்தாரா, அவருடைய மூச்சுக்குத் தாங்கக்கூடியது அது ஒன்றுதான் என்று வாசித்தாரா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அக்காவைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து நின்றாள். மைக்கைக் கீழே தழைத்துப் பிடித்திருந்தாள், பாடத் தெரிந்தவர்கள் பிடிப்பதுபோல.

அண்ணன் ஒரு முறை முழுதாக வாசித்துவிட்டு, அந்த இடத்துக்கு வந்து நிறுத்தினார்.

இடம் விட்டார். வாத்தியம் அவருடைய உதட்டிலேயே இருந்தது. கண் அக்காவின் பக்கம் திரும்பியது. அவள் உடனே புகவில்லை. அன்றைக்குச் சொன்னதுபோலக் கொஞ்சம் காக்க வைத்தாள். மைக்கை வாய்க்குக் கொண்டு வந்தாள். அவள் மூச்சை இழுத்தது மைக்கில் எனக்குக் கேட்டது.

பிரதம விருந்தினர் "ஹரி லஸ்ஸனய்" என்று கை தட்டினார், ரொம்ப அழகு என்று மனதாரப் பாராட்டிக்கொண்டு. அவர் தட்டியதும் தலைவர் தட்டினார், கணக்கப்பிள்ளை தட்டினார், மண்டபம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பாட்டு நின்றால் முடிந்தது என்றுதானே நாங்கள் எல்லோரும் பழகியிருக்கிறோம். செயலாளர் ஓடிவந்து, நன்றி சொல்வதற்காக, அக்காவின் கையிலிருந்து மைக்கை மரியாதையாக வாங்கிக்கொண்டார். நேரமாகிவிட்டது, அடுத்தது சிறுவர் நடனம் என்று அறிவித்தார். தேவாரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நான் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியிருக்கலாம். இன்னும் முடியவில்லை என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் முன் வரிசையைப் பார்த்தார். பிறகு வாத்தியத்தை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா வாயை மூடிக்கொண்டாள். இழுத்த மூச்சை எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். விழா வீடியோ பேஸ்புக்கில் வந்ததும், காட்டு என்று கேட்டாள். அவள் முகத்துக்குக் கீழே மூத்த பஜனைப் பாடகி என்று எழுதியிருந்தது. கொழும்புப் பையனும் அதைப் பார்த்து, அண்ணனின் வாசிப்பைப் புகழ்ந்து எழுதியிருந்தான். நான் அவனுக்குப் போன் பேசினேன். உண்மையைச் சொன்னேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் பேண்டில் இருந்தவரே நான் கேட்டபோது தோட்டத்துப் பெண்கள் யாரும் பாடவில்லை என்று சொல்லியிருக்கிறார், அதோடு அம்மா பஜனைப் பாடகி என்று உங்கள் மன்றமே போட்டிருக்கிறதே ஆன்ட்டி என்றான். அவன் சொன்னதில் தவறு இல்லை. நானும் அந்த மன்றத்தில்தான் இருக்கிறேன்.

போன வாரம் ருவான்வெல்லைக்குக் கண் டாக்டரிடம் போக பஸ் ஏறினோம். நல்ல சனக் கூட்டம். பைப்படியில் அக்காவோடு அடிக்கடி மல்லுக்கு நிற்கிற பெண் உள்ளே உட்கார்ந்திருந்தாள். அக்காவைக் கண்டதும் எழுந்துவிட்டாள். முகமெல்லாம் பக்தி.

"பஜனை அம்மா, வாங்க, நீங்க ஒக்காருங்க."

அக்கா உட்காரவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ருவான்வெல்லை வரைக்கும் நின்றே வந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. முழங்கால் வலியோடு ஏன் இந்த வீம்பு, அவள் இன்றைக்காவது மரியாதையாகத்தானே கூப்பிட்டாள் என்று இறங்கியதும் கேட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ கிளப்புக்காரின்னு ஏசுறப்ப, நா கிளப்புல என்னமோ செஞ்சேன்னாச்சும் அவளுக்குத் தெரிஞ்சிருந்திச்சி. இனி அதுவும் இல்ல தங்கச்சி."

டாக்டர் வீட்டு வாசலில் வரிசை நீளமாக இருந்தது. நாங்கள் போய்க் கடைசியில் நின்றோம்.